கார்த்திகையில் கேட்ட கேள்வி

உங்கள் கையிலிருக்கும் டேப்லட்டில் தேதி தானாகவே விழுந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் படிவத்தின் வலது மூலையில் அதைக் கையால் எழுத வேண்டும். மழையில் நனைந்த காகிதத்தில் பேனா எழுதாது, கிழிக்கும். அப்படிக் கஷ்டப்பட்டு எழுதிய தேதியை நானே திரும்பிப் பார்க்காமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. புதிதாகக் கள ஆய்வுக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சாதித்ததைச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் சறுக்கியதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு சுகாதார ஆய்வு அலுவலகத்தில். கள மேற்பார்வையாளர் என்று பதவி. ஐந்து பேர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வருவார்கள். அவர்கள் கொண்டு வருவதை நான் சரிபார்த்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு எண்ணும் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்களுக்குக் கொடுத்தது திருவொற்றியூர்க் கடலோரக் குப்பங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவேன். காலையில் கட்டிய வெளிர்நிறச் சேலை சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வேறு நிறத்தில் இருக்கும். கருவாடும் டீசலும் கடலும் கலந்து அந்தத் தெருக்களில் ஒரு வாசம் அடிக்கும். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். இப்போது கிடைத்தால் நின்று இழுத்து மூச்சு விடுவேன். ஓய்வு பெற்றபின் மனிதருக்கு வரும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

குப்பத்தின் முனையில் ஒற்றை அறை ஒன்றைத் திறந்திருந்தார்கள். பீடி, சிகரெட்டை விட நினைப்பவர்கள் அங்கே வந்து உட்காரலாம், பேசலாம், மருந்து வாங்கிக்கொள்ளலாம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டெல்லா சிஸ்டர். ராயபுரத்துக்காரி. அவர் தெருவில் ஒருவரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கையில் பீடியோடு எவராவது அறையைத் தாண்டிப் போனால், "யோவ், இன்னா, பீடி மட்டும் கண்ணுக்குத் தெரியுது, என் ரூமு தெரியலியா? உள்ள வந்து குந்து" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். வாசலில் ஒரு மர பெஞ்சு, உள்ளே ஒரு மேசை, வாயால் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று. கொஞ்ச நேரத்துக்கு முன் புகைத்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அறை திறப்பதற்கு முன்னால், ஒரு வைகாசியில், குப்பத்து ஆண்களிடம் புகைக்கிறீர்களா என்று கேட்டு எழுதி வைத்திருந்தோம். மறு வருடம் மறுபடி கேட்க வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் அறை தொடரும், மற்ற குப்பங்களிலும் திறப்பார்கள். குறையவில்லையென்றால் மார்ச்சோடு பூட்டு. முடிவெடுக்கும் குழு பொங்கலுக்கு முன்னால் கூடுவதாக இருந்தது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்ததால் ஆட்களை அனுப்ப முடியவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் கார்த்திகை நடுவில் அனுப்பினேன்.

அந்த மாதிரி ஒரு கள வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழக்கமாக ஆண்களைப் பிடிக்க ஒரு வீட்டுக்கு மூன்று தடவை நடக்க வேண்டும். பிடித்தாலும் பாதிப் பேர் நிதானத்தில் இருக்கமாட்டார்கள். இந்தத் தடவை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்து, "வாங்க, குந்துங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்றார்கள். பட்டென்று பதில் சொன்னார்கள், கேட்டவுடன் ஊதிக் காட்டினார்கள். வடசென்னை ஆண்கள் இவ்வளவு மரியாதையாக இருக்கிறார்களே, எல்லாம் நம் பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். என் ஐந்து பேரையும் பாராட்டினேன். ஒரே ஒரு குறைதான் சொன்னேன். பெயர் எழுதும் இடத்தில் "முருகன் சாமி", "தேசப்பன் சாமி" என்று எழுதி வந்திருந்தார்கள். படிவத்தில் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று கண்டித்து, சிவப்பு மையால் அடித்தேன். வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

புகைப்பவர்களின் எண் விழுந்திருந்தது. எவ்வளவு என்று சொல்லமாட்டேன், அது அலுவலக அலமாரியிலேயே இருக்கட்டும். பார்த்தவர் எல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் அளவுக்கு விழுந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா சிஸ்டருக்கு போன் செய்து சொன்னேன். "மேடம், மெய்யாலுமா? இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அழுதார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சில வீடுகளுக்கு நானே போய் அதே கேள்வியைக் கேட்டுச் சரிபார்ப்பது வழக்கம். ஏழுமலை என்பவரின் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சங்கிலி போட்டுக் கட்டும் வேலை. ஸ்டெல்லாவின் அறைக்கு அடிக்கடி வந்துபோகும் ஆள். நுரையீரல் கெட்டுக்கொண்டு வருகிறது, உடனே விடு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விடுவார், ஒரு வாரம் தாங்கும், பிடிப்பார், மறுபடி வருவார். அன்றைக்கு அவர் கறுப்பு வேட்டியில், கழுத்தில் துளசி மாலையோடு, வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"கடந்த ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது புகை பிடிச்சீங்களா?"

"சரணம் சாமி. தொடவே இல்ல மேடம்."

கருவியில் ஊதினார். சுத்தம். நன்றி சொல்லி எழுந்தேன். உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "தை மாசம் வந்து கேளு மேடம், அப்ப தெரியும் சேதி" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் ரயிலேறினேன்.

கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக ரயில் நின்றுவிட்டது. அந்த வழியில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நின்றால் எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. சும்மா உட்கார்ந்து வீட்டு வேலைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் அந்த வருடம் மாலை போட்டிருந்தார். விடியற்காலையில் எழுந்து அவருக்குத் தனியாகச் சமைத்து, வேட்டியை அலசிப் போட்டுவிட்டுத்தான் நான் தினமும் வேலைக்கு வந்தேன். மாலை போட்ட அன்றோடு அவர் சிகரெட்டை நிறுத்தியிருந்தார். பால்கனியில் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்திருந்தேன். மலைக்குப் போய்வந்ததும் அதை மறுபடி எடுத்து வைக்க வேண்டும், வருடா வருடம் இதே வேலை, என்று அலுத்துக்கொண்டேன்.

அலுத்துக்கொண்ட அந்த நொடியில் பைக்குள்ளிருந்த படிவத்தை எடுத்து வலது மூலைத் தேதியைப் பார்த்தேன். கார்த்திகை, மாலை போடும் மாதம்.

தெரியாத விஷயத்தில் தப்புச் செய்தால் ஒரு சமாதானம் உண்டு. இது எனக்குத் தெரியாத விஷயமா? என் வீட்டு அலமாரியில் இருந்த விஷயம். ஐந்து பேரும் வார்த்தைக்கு வார்த்தை சாமி என்று கூப்பிட்டுத்தான் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தெருவெல்லாம் கறுப்பு வேட்டி. அத்தனையையும் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். கையில் படிவம் வந்துவிட்டால் நமக்கு அதிலிருக்கும் கட்டங்கள் மட்டும்தான் தெரிகின்றன. இந்த வேலையின் பெரிய ஆபத்து இதுதான்.

மறுநாள் அலுவலகத்தில் படிவங்களைத் தரையில் பரப்பி இரண்டாகப் பிரித்தேன். நான் சிவப்பு மையால் அடித்திருந்த "சாமி"கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். மற்றவர்களில் மாலை போடாதவர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்தக் குவியலில் எண் அசையவே இல்லை. வைகாசியில் இருந்த இடத்திலேயே இருந்தது. விழுந்ததெல்லாம் சாமிக் குவியலில்தான். மொத்தமாக ஒரே எண்ணாகப் பார்த்தபோது அறையின் வெற்றி. இரண்டாகப் பிரித்ததும் மாலையின் வெற்றி.

இயக்குநரிடம் போனேன். அதட்டாத மனிதர். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் எங்களுக்குப் பயம். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"இரண்டு தடவையும் ஒரே கேள்விதானே கேட்டீங்க?"

"ஆமா சார்."

"பொய் சொன்னாங்களா?"

"இல்ல சார். ஊதியும் பார்த்தோம். எல்லாரும் உண்மைதான் சொன்னாங்க."

"அப்ப எங்கேம்மா தப்பு?"

"மாசத்துல சார். இது தை பொறந்தா திரும்பிப் போயிடும். அறையால வந்ததில்ல."

"அறை இல்லாத குப்பம் எதுலயாவது இதே மாசம் கேட்டுப் பார்த்தீங்களா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயும் இதே அளவு விழுந்திருக்கும், நானும் முதல் நாளே விழித்திருப்பேன். ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அதைத் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. கடைசிப் பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "குழு அடுத்த வாரம். இந்த எண் இல்லேன்னா அறைக்குப் பூட்டுதான். கையெழுத்து உங்களோடது. என்ன எழுதி அதைப் போடணுமோ எழுதிப் போடுங்க" என்றார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, இரண்டு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு பொய்யான பதில்கூட அந்தப் படிவங்களில் இல்லை. ஸ்டெல்லா நல்ல வேலை செய்கிறார், அந்த அறை இருப்பதால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஆனால் அந்த எண்ணை நம்பி இன்னும் பத்துக் குப்பத்தில் இதே மாதிரி அறை திறப்பார்கள். அங்கே வைகாசியில் போய்க் கேட்பவர் விழிப்பார். அதற்குள் நிஜமாகவே உதவியிருக்கக்கூடிய வேறொன்றை யோசிக்காமலே விட்டிருப்போம். மூன்றாம் நாள் எழுதினேன்: "இந்தக் குறைவு அறையால் வந்ததா, விரதத்தால் வந்ததா என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல இயலாது. மாசியில் மீண்டும் கேட்க வேண்டும். அறை இல்லாத குப்பம் ஒன்றிலும் கேட்க வேண்டும்." கையெழுத்துப் போட்டேன். கர்வம் எதுவும் இல்லாமல் போட்ட முதல் கையெழுத்து.

ஸ்டெல்லாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்லத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

"மேடம், நீங்க பேனாவ எடுத்துகினு வர்றீங்க, எழுதிகினு போயிடறீங்க. நா இங்கியே குந்திகினு கீறேன். நாளைக்கி இந்த ரூம்ப மூடுனா, அவங்க மூஞ்சில முயிக்கப் போறது நானா, நீங்களா?"

"நீங்கதான் சிஸ்டர்."

"மாலை போட்டா வுடுவானுங்கோன்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன். அத்த நீங்க எய்தித்தான் ஆவணுமா?"

எழுதத்தான் வேண்டும் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த மேசை. அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

குழு முடிவைத் தள்ளி வைத்தது. மாசி பிறந்ததும் போனோம். குளித்துச் சந்தனம் வைத்து உட்கார்ந்திருந்த கூட்டம் காணாமல் போயிருந்தது. மூன்று தடவை நடந்தோம். "போ மேடம், பேஜாரு பண்ணிகினு" என்றார்கள். பழைய வடசென்னை திரும்பி வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட. எண்ணும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அறை இல்லாத குப்பத்திலும் ஏறக்குறைய அதே எண்தான். எங்கள் குப்பத்தில் ஓரிருவர் கூடுதலாகத் தாக்குப்பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அது அறையால் வந்ததா, தானாக நேர்ந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாத வித்தியாசம். என் வீட்டுப் பால்கனியில் சாம்பல் கிண்ணம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஏழுமலை வீட்டுக்கு நானே போனேன். தெருமுனையில் எதிரே வந்த ஸ்டெல்லாவும், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், பின்னாலேயே வந்தார். வாசலில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். வேட்டி வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. தாடி மார்பைத் தொட்டது. கழுத்தில் மாலை அப்படியே இருந்தது.

மலைக்குப் போய்வந்து எத்தனையோ நாளாகிவிட்டது, இன்னுமா மாலை என்றேன். அவர் பேசுவதற்குள் அவர் மனைவி வெளியே வந்துவிட்டார்.

"நல்லா கேளு மேடம். ஊர்ல எல்லாரும் கயட்டிட்டாங்க, இந்தாளு மட்டும் சாமியாராவே சுத்திகினு கீறாரு. வூட்டுல மீன் ஆக்கி எத்தினி நாளாச்சு தெரியுமா? கடலாண்ட குடியிருந்துகினு கத்திரிக்கா துன்னுகினு கீறோம்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "கயட்டினா கை தானா போவுது மேடம். போன வருசம் மலைலேர்ந்து வந்து எறங்கி, மாலைய கயட்டி, வூடு வந்து சேர்றதுக்குள்ள பத்த வச்சிட்டேன். இது கயுத்துல கீற வரிக்கும் கை போவல. அத்தாலதான் அப்பிடியே வுட்டுட்டேன்."

என் படிவத்தில் "புகைக்கிறார்" என்று ஒரு கட்டம், "விட்டுவிட்டார்" என்று ஒரு கட்டம். இவரை எதில் போடுவது? பேனாவை மூடிவிட்டேன்.

ஸ்டெல்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "யோவ், இப்பிடியே எத்தினி நாளு? கயட்டு. கயட்டிட்டு எங்கியும் போவாத, நேரா எங்கிட்ட வா. சிப்டு போற நேரம் தவிர மீதி நேரமெல்லாம் என் பெஞ்சில குந்து. கை எங்க போவுதுன்னு நானும் பாக்குறேன்."

ஏழுமலை அவரைப் பார்த்தார். "ரூமு இருக்குமா சிஸ்டர்?"

ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தார். ஏழுமலையும் பார்த்தார், அவர் மனைவியும் பார்த்தார். என் பைக்குள் அந்த வாரத்துப் படிவங்கள் இருந்தன. அவற்றை வைத்து நான் என்ன எழுதப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். கண்டிப்பாக இருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் வேறென்ன சொல்வது?

"மார்ச் முடிய இருக்கும்," என்றேன். "அதுக்கப்புறம் இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப எத்தினி நாளு கீது?"

"ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இருக்கும்னு சொல்லியிருந்தீன்னா அப்பால பாத்துக்கலாம்னு வுட்டுருப்பேன்" என்றார். உள்ளே திரும்பி, "நாளைக்கி கயட்டிடறேன்மே. நீ மீன் வாங்கு" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் அந்த பெஞ்சில்தான் இருந்தார். காலையிலும் வருவார், வேலை முடிந்தும் வருவார். முதல் வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். ஸ்டெல்லா அதைவிட அதிகமாக எரிந்து விழுந்தார். நான் அறிக்கையை எழுதினேன். விரதம் முடியும் நாளில்தான் இவர்களுக்கு ஆள் தேவை, அறை திறப்பதானால் தை முதல் வாரத்தில் ராப்பகலாகத் திறந்து வையுங்கள் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். ரமலான் முடியும் நாளையும் தவக்காலம் முடியும் நாளையும் பாருங்கள் என்றும் எழுதினேன். அந்தப் பத்தியைக் குழுவில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மார்ச்சோடு அறையைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

கடைசி நாளன்று பொருட்களைச் சரிபார்க்க நான் போக வேண்டியிருந்தது. ஸ்டெல்லா கருவியை டப்பாவில் வைத்து ஒட்டினார். மேசை போய்விட்டது. பெஞ்சை ஆட்டோவில் ஏற்ற வேண்டும். ஏழுமலை ஒரு முனையைப் பிடித்தார், நான் மறு முனையைப் பிடித்தேன். அவர் மாலையைக் கழற்றி ஒரு மாதம் தாண்டியிருந்தது. அதுவரை தொடவில்லை.

"ஒரே ஒரு ஆளு," என்றார் ஸ்டெல்லா. என்னிடம் அவர் அத்தனை நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். "இவ்ளோ நாளு தொண்ட கிழியக் கத்தினதுக்கு, ஒரே ஒரு ஆளு. அத்த வச்சிகினு இன்னா மேடம் பண்றது?"

ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடமே அது. உங்களுக்கும் சொல்வேன். அதையே அவரிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஏழுமலை பெஞ்சை டொக்கென்று கீழே வைத்தார்.

"இன்னா சிஸ்டர், ஒரு ஆளுன்னா அவ்ளோ எளக்காரமா பூட்ச்சா?" என்றார். "அந்த ஒரு ஆளு நாந்தானே."